என்.எஸ்.எஸ்.ஸா, சட்ட உதவியா, புகார்க் குழுவா? கல்லூரி மாணவருக்குச் சமூகநீதி வேலையில் எந்த வாசல் பொருந்தும்

கல்லூரி திறந்த சில வாரங்களில் நோட்டீஸ் போர்டு நிறைய பெயர் கேட்டு அறிவிப்புகள் வந்துவிடும். என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி. (இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம்), செஞ்சுருள் சங்கம், இன்னும் ஏதேதோ மன்றங்கள். சமூகநீதியில் அக்கறையோடு வருகிற மாணவர் முதலில் கண்ணில் பட்டதில் பெயர் கொடுப்பார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் "சர்டிபிகேட்தான் மிச்சம்" என்று சலித்துப்போவார். அவர் சேர்ந்த இடம் பெரும்பாலும் மோசமானதாக இருக்காது. அந்த இடத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்று விசாரிக்காமல் சேர்ந்ததுதான் கோளாறு.

தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரி மாணவருக்கு நடைமுறையில் எட்டுகிற வாசல்கள் ஐந்து: நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.), சட்ட உதவிப் பணி, புகார்க் குழு போன்ற கல்லூரியின் சட்டப்படியான குழுக்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டமும் (ஆர்.டி.ஐ.) கிராமசபையும், கடைசியாக உதவித்தொகை உதவி மேசை. இவற்றை எடைபோட மூன்று கேள்விகள் போதும். வாரத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? யாருடைய கையெழுத்து இல்லாமல் வேலை நகராது? செமஸ்டர் தேர்வுக்காக நீங்கள் ஒரு மாதம் காணாமல் போனால் அந்த வேலை என்ன ஆகும்? முதல் இரண்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்காததால்தான் மாணவர் முயற்சிகளில் பாதி தேர்வுக் காலத்தோடு நின்றுபோகின்றன.

என்.எஸ்.எஸ்.: சேருவது சுலபம், பயன்படுத்துவது கடினம்

காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். பொதுவாக ஓர் அலகில் 100 பேர், அவர்களுக்கு ஒரு திட்ட அலுவலர். முகாமுக்குப் போவது அதில் பாதிப் பேர். கல்லூரி நடக்கும் வாரங்களை வைத்துக் கணக்குப் போட்டால் வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஆகும். ஓ.டி. (ஆன் டியூட்டி) கிடைக்கும் என்பதால் அட்டெண்டன்ஸ் பயம் இல்லை. முன்பின் தெரியாத ஓர் ஊருக்குள் கல்லூரிக் கடிதத்தோடு மரியாதையாக நுழைய இதைவிட நல்ல வழியும் இல்லை.

ஆனால் எல்லாம் பி.ஓ., அதாவது திட்ட அலுவலர் கையில். அவர் எப்படியோ, அலகும் அப்படியே. சேரும் முன் சீனியர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன வருட முகாம் நடந்த ஊருக்கு, முகாம் முடிந்த பிறகு யாராவது திரும்பப் போனார்களா? போயிருந்தால் தயங்காமல் சேரலாம். ஊர் மட்டும் வருடா வருடம் மாறி, பேரணி, துப்புரவு, மரக்கன்று என்று படங்கள் அப்படியே இருந்தால் அங்கே மணிக்கணக்குதான் ஓடும், வேறொன்றும் நடக்காது.

மரக்கன்று விஷயத்தையே பாருங்கள். முகாம்கள் பல இடங்களில் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கின்றன. நமக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. மார்ச்சில் நட்ட கன்று, தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் மே மாதத்தைத் தாண்டாது. முகாமில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி மட்டும் வெட்டி, மக்கிய குப்பை போட்டு மூடிவிட்டு, கன்றை அக்டோபரில் வந்து நடுவதாக முடிவு செய்யுங்கள். இப்படிச் செய்தால் முகாமுக்குப் பிறகும் அந்த ஊருக்குப் போக ஒரு காரணம் கிடைக்கும்.

இதைவிட முக்கியமானது தங்குமிடமும் கணக்கெடுப்பு வழியும். கோயில் மண்டபத்தில் தங்கினால் ஊரில் எல்லோரும் அங்கே வந்து உங்களோடு உட்கார்ந்து பேச முடியுமா? சந்தேகம் இருந்தால் அரசுப் பள்ளியைக் கேளுங்கள். வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போது பிரதான தெருவில் தொடங்குவது வழக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அந்தத் தெருவே முடியாது. தலித் மக்கள் குடியிருப்பு மறுநாளைக்குத் தள்ளிப்போகும், மறுநாள் வேறு நிகழ்ச்சி வந்து நிற்கும். குடிநீர் வசதி எல்லா வீட்டுக்கும் உண்டு என்று அறிக்கை எழுதப்படுவது இப்படித்தான். முதல் நாள் காலையிலேயே ஒரு குழு அங்கிருந்து தொடங்கட்டும். ஆதார் எண்ணைக் குறிக்காதீர்கள். எந்த மாணவர் கணக்கெடுப்புக்கும் அது தேவையில்லை.

சட்ட உதவி: ஒரு மனிதர், ஒரு கோப்பு

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டம் சார்ந்த தன்னார்வலர் திட்டத்தில் மற்ற மாணவர்களும் சேரலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வானால் பயிற்சி உண்டு. சட்டக் கல்லூரிகளில் 2011ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தனியாகச் சட்ட உதவி மையங்கள் இயங்குகின்றன.

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவை மனப்பாடம் செய்தால் போதும், பாதி வேலை முடிந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். "நான் ஏழை இல்லையே, எனக்கு எப்படிக் கொடுப்பார்கள்?" என்று தயங்கும் பெண்ணிடம் இதைச் சொல்வதே ஒரு பெரிய உதவி.

இங்கே உங்கள் வேலை கேட்பது, எழுதுவது, சரியான இடத்துக்கு அனுப்புவது, பிறகு தொடர்ந்து விசாரிப்பது. நீதிமன்றத்தில் வாதாட முடியாது. பணம் வாங்கக் கூடாது. "கண்டிப்பாக ஜெயிக்கும்" என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கதையைக் கேட்டு மனம் இளகி, தேதியைக் குறிக்க மறப்பது. முதல் சந்திப்பிலேயே மூன்று தேதிகளை எழுதிவிடுங்கள்: சம்பவம் நடந்த தேதி, கடைசியாக வந்த நோட்டீஸின் தேதி, அடுத்த வாய்தா தேதி. காலவரையறை தாண்டிவிட்டால் எவ்வளவு நல்ல வழக்கறிஞர் கிடைத்தும் பயனில்லாமல் போகலாம். பட்டா, பத்திரம் எதுவாக இருந்தாலும் அசலை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், நகல் போதும்.

வந்தவருக்காக எழுதும் மனு ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி வரிசையில் நடந்தவை, என்ன கேட்கிறோம், இணைப்புகள். "கேட்கிறோம்" என்ற பகுதி ஒரே வாக்கியமாக இருக்கட்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வாரம் ஓர் அரை நாள் நிரந்தரமாக ஒதுக்க முடியாதவர்கள் இதை எடுக்கவேண்டாம். தேர்வு மாதத்தில் மையத்தைப் பூட்டினால் வந்தவர் திரும்பிப் போவார், மறுபடி வரமாட்டார். பூட்டுகிற நாளில் கதவில் மாவட்ட ஆணைக்குழுவின் முகவரியையும் 15100 என்ற இலவச உதவி எண்ணையும் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள்.

குழு உறுப்பினர்: நேரம் குறைவு, கனம் அதிகம்

மாணவரின் வாக்குக்கும் பேராசிரியரின் வாக்குக்கும் ஒரே எடை உள்ள இடம் கல்லூரியில் அரிது. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு அப்படி ஓர் இடம். இது பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, புகாரில் மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால் இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி நிலைகளிலிருந்து மூன்று மாணவர்கள் குழுவில் இருக்கவேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். துறைத் தலைவர், டீன், பதிவாளர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது. உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள்.

இப்போது உங்கள் கல்லூரி இணையதளத்தைத் திறந்து குழுப் பட்டியலைப் பாருங்கள். ஹெச்.ஓ.டி. பெயர் அதில் இருக்கிறதா? மாணவர் உறுப்பினர் யார், எப்போது தேர்தல் நடந்தது? பல இடங்களில் பிரின்சிபால் சொன்ன பெயர்தான் இருக்கும். விதியின் நகலை இணைத்து, குழுவை விதிப்படி திருத்தியமைக்கக் கேட்டு எழுத்தில் கொடுக்கும் கடிதமே முதல் வேலை. கூட்டமாகப் போய்க் கோஷம் போடுவதைவிட இது மெதுவாகத்தான் நகரும், ஆனால் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது நிர்வாகத்துக்குக் கடினம்.

நேரக் கணக்கு விசித்திரமானது. ஆறு மாதம் எதுவும் இருக்காது. ஒரு புகார் வந்தால் வகுப்பு, தேர்வு எதையும் பார்க்காமல் கூட்டங்கள் வரும், ஏனென்றால் விசாரணை 90 நாளில் முடியவேண்டும். புகார் கொடுக்க வழக்கமான கெடு சம்பவம் நடந்து மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் குழு நீட்டிக்கலாம். இந்த ஒரு தகவல் தெரியாமல் "ரொம்ப நாள் ஆச்சு, விடு" என்று கைவிடப்பட்ட புகார்கள் உண்டு. ரகசியம் காக்க முடியாதவர்களுக்கு இந்த வேலை வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு குறிப்பு கசிந்தாலும் புகார் கொடுத்தவர்தான் அடிபடுவார். உறுப்பினராக இருப்பவர் அதே புகாரில் ஆறுதல் சொல்லும் தோழியாகவும் இருக்க முடியாது. நெருங்கிய தோழியே புகார் கொடுத்தால் விசாரணையிலிருந்து விலகிவிடுங்கள்.

மற்ற குழுக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படியான மாணவர் குறைதீர் குழுவில் மாணவர் சிறப்பு அழைப்பாளர் மட்டுமே, அதுவும் நியமனம். மாணவர் பேரவைத் தேர்தல் நடக்கும் கல்லூரியென்றால் மாணவர் தேர்தல்களுக்கு நெறிமுறை வகுத்த லிங்டோ குழுவின் பரிந்துரைகள் பொருந்தும்: 75 சதவீத அட்டெண்டன்ஸ், போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, ஒரு வேட்பாளரின் செலவு வரம்பு 5,000 ரூபாய். தேர்தலே நடத்தாமல் வகுப்புப் பிரதிநிதியை நியமிக்கும் கல்லூரியில் அந்தப் பதவியை வைத்துப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

ஆர்.டி.ஐ.: தேர்வு எழுதும்போதும் ஓடுகிற கடிகாரம்

மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் தருவது 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். நீங்கள் மனு போட்டுவிட்டுப் படிக்கப் போகலாம். பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள் கெடு, அது தானாக ஓடும். யாருடைய அனுமதியும் வேண்டாம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணமும் சொல்ல வேண்டாம். கட்டணம் 10 ரூபாய். மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் ஆயிற்று. நகலுக்குப் பக்கம் 2 ரூபாய்.

கேள்வியை எழுதுவதில்தான் வித்தை இருக்கிறது. "ஆதிதிராவிடர் நல விடுதியில் சாப்பாடு ஏன் மோசமாக இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது. ஏன், எப்படி என்ற விளக்கங்களை இந்தச் சட்டத்தில் கேட்டுப் பெற முடியாது, பதிவேட்டில் இருப்பதைத்தான் கேட்க முடியும். இப்படி மாற்றுங்கள்: "இன்ன விடுதிக்கு இந்தக் கல்வியாண்டில் மாதவாரியாக ஒதுக்கப்பட்ட உணவுத் தொகை, அது விடுவிக்கப்பட்ட தேதிகள், அனுமதிக்கப்பட்ட இடங்கள், தங்கியுள்ளவர்கள் எண்ணிக்கை, கடைசி ஆய்வறிக்கையின் நகல்." ஐந்து தகவல், ஒரே விடுதி, ஒரே ஆண்டு. மாவட்டத்தில் உள்ள எல்லா விடுதிகளையும் பத்து ஆண்டுக்குக் கேட்டால், தொகுத்துத் தர ஆள் இல்லை என்று கைவிரிப்பார்கள்.

பதில் வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்தது என்றால் 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதவேண்டும். அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். தேர்வு நேரத்தில் தவறிப்போவது இந்த முதல் 30 நாள்தான், மொபைல் காலண்டரில் போட்டு வையுங்கள். கெடு தாண்டித் தருகிற தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். மனு தனிநபர் பெயரில் போகட்டும். மன்றத்தின் லெட்டர்ஹெட்டில் போட்டால் "குடிமகன் இல்லை" என்று திருப்ப வாய்ப்பு. ஆனால் மணல், டெண்டர் போன்ற சூடான விஷயங்களை அதே ஊரில் வீடு இருக்கும் மாணவர் பெயரில் கேட்காதீர்கள். விவரம் வருவதற்கு முன் மிரட்ட ஆள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

கிடைத்த பதிலைக் கொண்டுபோகச் சிறந்த இடம் கிராமசபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. அந்த ஊராட்சியின் வாக்காளர்தான் உறுப்பினர், மற்றவர்கள் பார்வையாளர். அதனால் கல்லூரி தத்தெடுத்த ஊரைவிட, 18 வயது நிரம்பி வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட மாணவருக்குச் சொந்த ஊரில்தான் பலம். அக்டோபர் 2 கூட்டத்துக்குப் பதில் கையில் வேண்டுமென்றால் ஜூலை இறுதியில் மனு போயிருக்கவேண்டும்.

உதவித்தொகை மேசை: பெயரில்லாத வேலை

எந்த நோட்டீஸ் போர்டிலும் இது இருக்காது. எங்கள் கணக்கில் ஒரு மணி நேர உழைப்புக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான். வேலை எளிது: உதவித்தொகைக்குத் தகுதியிருந்தும் பணம் வந்து சேராத சக மாணவர்களைக் கண்டுபிடித்து, எங்கே தடங்கியது என்று பார்த்து எடுத்துவிடுவது.

ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. எல்லாமே நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகும் பணம். பெரும்பாலான தடங்கல் அந்த வங்கிக் கணக்கில்தான்.

"ஆதார் இணைத்தாச்சு, ஆனாலும் பணம் வரல" என்பார்கள். இரண்டு இணைப்பு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. கே.ஒய்.சி.க்காக, அதாவது கணக்கு வைத்திருப்பவர் யாரென்று வங்கி சரிபார்க்க, ஆதார் கொடுப்பது ஒன்று. அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போகவேண்டும் என்று என்.பி.சி.ஐ. (தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம்) பட்டியலில் பதிவது இன்னொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் பணம் திரும்பிவிடும். அந்தப் பட்டியலில் ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான், கடைசியாகப் பதிந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு வங்கி, கல்லூரியில் இன்னொரு வங்கி என்று கணக்கு வைத்திருக்கும் மாணவியின் பணம் மறந்துபோன கணக்கில் விழுந்துகொண்டிருக்கலாம். அந்தக் கணக்கு நீண்டநாள் பயன்படுத்தாமல் முடங்கியிருந்தால் அதுவும் இல்லை. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிறகு வங்கியில் "ஆதார் சீடிங், டி.பி.டி.க்கு" (நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு) என்று தெளிவாக எழுதிக் கொடுக்கவேண்டும். "ஆதார் அப்டேட்" என்று சொன்னால் கே.ஒய்.சி. மட்டும் செய்து அனுப்பிவிடுவார்கள்.

அடுத்த தடங்கல் பெயர். சாதிச் சான்றிதழில் ஓர் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் எழுத்துப்பிழை. வருமானச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் உடனே கிடைத்துவிடாது, ஆகவே கடைசித் தேதி அறிவிப்பு வந்த பிறகு தொடங்குவது தாமதம்.

மேசைக்கு நான்கு பேர், வாரத்துக்கு இரண்டு மதிய இடைவேளை, கம்ப்யூட்டர் லேபில் இரண்டு இருக்கை, நிர்வாகத்தில் உதவித்தொகை பார்க்கும் கிளார்க்கின் நல்லெண்ணம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அவருடைய வேலையைக் குறைக்க வந்திருக்கிறீர்கள், குறை கண்டுபிடிக்க வரவில்லை என்று முதல் நாளே புரியவேண்டும். ஓ.டி.பி.யை மாணவரே அடிக்கட்டும். சான்றிதழை உங்கள் போனில் படம் எடுத்து வைக்காதீர்கள். நோட்டில் பதிவு எண், தடங்கல், அடுத்து போகவேண்டிய இடம், தேதி என நான்கு கட்டம் போதும், சாதியை எழுத வேண்டாம். வகுப்பில் எழுந்து "எஸ்.சி. ஸ்டூடண்ட்ஸ் மட்டும் வாங்க" என்று கூப்பிடும் வழக்கம் சில கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது. உங்கள் மேசை எல்லா உதவித்தொகைக்கும் பொதுவாக இருந்தால் வருகிறவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

அப்படியானால் எது?

வாரம் இரண்டு மணி நேரம்தான், அதுவும் நிச்சயமில்லை என்பவருக்கு ஆர்.டி.ஐ. வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவருக்கு மதிய இடைவேளையில் முடிகிற உதவித்தொகை மேசை. மூன்றாண்டும் அதே ஊருக்குப் போகத் தயாராக உள்ள அலகு கிடைத்தால் என்.எஸ்.எஸ்.; கிடைக்காவிட்டால் முதலாண்டில் மட்டும் சேர்ந்து, முகாமில் ஊர் பழகியபின் வேறு வேலையைத் தொடங்கலாம். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் சட்ட உதவிக்குப் பொருந்தமாட்டார்கள் என்பது தப்பு. அதிகம் பேசாதவர்களிடம்தான் வருகிறவர் மனம் திறப்பார். புகார்க் குழுவை முதலாண்டில் நாடவேண்டாம். கல்லூரியின் நடைமுறையும் ஆட்களும் தெரிந்தபின், இரண்டாம் ஆண்டில் போட்டியிடுங்கள்.

இரண்டைச் சேர்க்கலாம், மூன்று வேண்டாம். மேசையும் ஆர்.டி.ஐ.யும் நன்றாகச் சேரும்: எத்தனை விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் நின்றது என்பது மேசை நோட்டிலேயே இருக்கும், அதை அப்படியே கேள்வியாக்கலாம். என்.எஸ்.எஸ்.ஸும் சட்ட உதவியும் சேரும், முகாம் ஊரில் ஒரு சட்ட உதவி நாள் வைக்கலாம். புகார்க் குழுவை வேறெதோடும் சேர்க்கவேண்டாம். நிர்வாகத்திடம் மேசைக்கு அறை கேட்டுக்கொண்டே அதே நிர்வாகத்துக்குப் பிடிக்காத தீர்ப்பில் கையெழுத்துப் போடும் நிலை வந்தால் உங்கள் கை தயங்கக்கூடும்.

எதை எடுத்தாலும் மூன்றாமாண்டு டிசம்பருக்குள் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் உங்களோடு முழுச் சுற்று ஒன்றைச் செய்து முடித்திருக்கவேண்டும். ஏப்ரலில் பிரிவுபசார விழாவன்று நோட்டைக் கையில் கொடுத்தால் அது அலமாரிக்குப் போகும்.